சந்தையை மாற்றியபோது என் பெயர் பட்டியலில் இல்லை

நகரத்தில் ஒரு நோய் பரவினால் முதலில் இடம் மாற்றப்படுவது சந்தைதான். பள்ளிக்கூடத்தை மூடலாம், திரையரங்கைப் பூட்டலாம், அலுவலக வேலையை வீட்டிலிருந்து பார்க்கச் சொல்லலாம். சோறு பொங்குவதை நிறுத்தச் சொல்ல முடியாது. அதனால் சந்தையை அடியோடு மூடாமல் எங்காவது வெட்டவெளிக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். 2020-இல் கொரோனா வந்தபோது தமிழ்நாடு முழுக்க நடந்தது இதுதான். கோயம்புத்தூரில் பஸ் நிலையத்துக்குள் காய்கறி விற்றார்கள். திருச்சி காந்தி சந்தை ஜி கார்னர் மைதானத்துக்குப் போனது. சென்னையில் கோயம்பேட்டுக் காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போனது. அப்படி மாற்றும்போது யாருக்கு இடம், யாருக்கு இல்லை என்பதை முடிவு செய்வது ஒரு பட்டியல். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாமல், சென்னையின் மேற்குப் பகுதியில் நடைபாதையில் காய்கறி விற்றுக்கொண்டிருந்தவள் நான். அந்த ஒரு வருடத்தில் முதல், நகை, வட்டி என்று எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய்க்கு மேல் போய்விட்டது. சில விஷயங்களை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். நடைபாதையில் கடை போடுகிறவர்கள், தள்ளுவண்டி வைத்திருக்கிறவர்கள், அவர்களுக்காக விண்ணப்பம் எழுதித் தருகிற பிள்ளைகள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் கடை என்றால் எட்டு அடி நடைபாதை, மேலே ஒரு தார்ப்பாய், சில பிளாஸ்டிக் டிரேக்கள், ஒரு மின்னணுத் தராசு. கணவர் விடியற்காலையில் கோயம்பேட்டுக்குப் போய்ச் சரக்கு எடுத்து வருவார், மதியத்துக்கு மேல் நான் உட்கார்ந்து விற்பேன். பத்து வருடங்களுக்கு மேலாக அப்படித்தான் ஓடியது. 2020 மார்ச் மாதம் மாமியாருக்கு உடம்பு முடியவில்லை என்று கணவர் திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமத்துக்குப் போனார். 24-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு 144 தடை வந்தது, மறுநாளிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும் என்றார்கள். அவர் விண்ணப்பித்ததெல்லாம் திரும்பி வந்தது. பள்ளியில் படிக்கும் மகளும் நானும்தான் வீட்டில். கொள்முதல், விற்பனை, கடன் என எல்லாம் ஒரே நாளில் என் தலையில் விழுந்தன. மண்டியில் எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி இருக்கிறது என்பதைக்கூட அவர் போனில் சொல்லச் சொல்லத்தான் தெரிந்துகொண்டேன். குடும்பமாகத் தொழில் செய்கிறவர்களுக்கு என் முதல் வேண்டுகோள் இது: கணக்கு ஒருவர் மனதில் மட்டும் இருக்கக் கூடாது. பாக்கி, மண்டிக்காரர் போன் எண், லோடு ஆட்டோக்காரர் எண் எல்லாம் ஒரு நோட்டில் இருக்கட்டும். அந்த நோட்டு வீட்டிலேயே இருக்கட்டும்.

முதல் பெரிய அடி ஏப்ரல் கடைசியில் விழுந்தது. 24-ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஓர் அறிவிப்பு வந்தது. ஞாயிறு முதல் நான்கு நாட்கள் சென்னையில் முழு ஊரடங்கு, காய்கறிக் கடைகளும் திறக்கக் கூடாது, நடமாடும் வண்டிகளில் மட்டும் விற்கலாம் என்றார்கள். இடையில் இருந்தது சனிக்கிழமை ஒரு நாள்தான். கோயம்பேட்டில் அன்று கூடிய கூட்டத்தைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கூட்டத்துக்குள் நானும் முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு நின்றேன். விலை மூன்று மடங்கு. எடுத்ததெல்லாம் அன்றே விற்றுவிடும் என்று எல்லோரும் நம்பினோம். பாதிதான் விற்றது. மக்கள் பெரிய கடைகளிலேயே மொத்தமாக வாங்கி நிரப்பிவிட்டார்கள். மீதித் தக்காளியும் கீரையும் வெண்டைக்காயும் வீட்டுத் தரையில் பரப்பிக் கிடந்தன. அடுத்த நான்கு நாட்களில் அவை அழுகியதைப் பார்த்துக்கொண்டு அதே அறையில் படுத்திருந்தோம். பதினோராயிரம் ரூபாய் அப்படியே குப்பைக்குப் போனது. அந்த வாசனை வந்தால் இன்றும் என் வயிறு புரட்டுகிறது.

இதில் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. அடைப்பு அறிவிப்பு வந்தவுடன் வெங்காயம், உருளை, சேனை, பூசணி, கருணை போன்றவற்றுக்குத்தான் பணத்தைப் போட வேண்டும், கீரைக்கும் தக்காளிக்கும் அல்ல. எல்லோரும் பறக்கிற பொருளின் பின்னால் ஓடினால் விலையும் நமக்குப் பாதகம், மிச்சமும் நமக்குப் பாதகம். அதைவிட முக்கியமானது இரண்டாவது விஷயம். அந்த நான்கு நாட்களும் வண்டிக்கு அனுமதி இருந்தது, தரைக்கு இல்லை. அனுமதிச் சீட்டு வைத்திருந்த தள்ளுவண்டிக்காரர்களும் குட்டி யானை வண்டிக்காரர்களும் தெருத்தெருவாக விற்றார்கள். நோய்க்காலத்தில் நகரம் வாங்குகிறவரை வீட்டிலேயே இருக்கச் சொல்கிறது, விற்கிறவரை நகரச் சொல்கிறது. ஓர் இடத்தில் உட்கார்ந்து மட்டுமே விற்கத் தெரிந்தவர்கள்தான் முதலில் விழுவார்கள். பழைய தள்ளுவண்டி ஒன்றைப் பங்கு போட்டாவது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மே 5-ஆம் தேதி கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கிருந்து கடலூருக்கும் அரியலூருக்கும் விழுப்புரத்துக்கும் திரும்பிய கூலித் தொழிலாளர்கள் மூலம் தொற்று போனது என்று செய்தி பரவியதும், கோயம்பேடு என்ற பெயரே பழிச்சொல் ஆகிவிட்டது. அங்கே போய் வந்தவர்களைத் தேடிப் பரிசோதித்தார்கள். எனக்கும் எடுத்தார்கள், தொற்று இல்லை என்று வந்தது. ஆனால் முடிவு வருவதற்குள் எங்கள் வீட்டு வாசலில் யாரும் நடக்காமல் எதிர்ப்பக்கமாகப் போக ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர் மாடியில் நின்றபடியே காலி செய்யச் சொன்னார். குழாயில் தண்ணீர் பிடிக்க என் மகளை விடவில்லை. அந்தப் பெண் குடத்தோடு திரும்பி வந்து ஒன்றும் சொல்லாமல் புத்தகத்தைத் திறந்து உட்கார்ந்தது. எனக்கு அழுகைகூட வரவில்லை, கோபம்தான் வந்தது. அவர்கள் வீட்டுச் சாம்பாரில் கிடந்த முருங்கைக்காயும் அதே கோயம்பேட்டிலிருந்து வந்ததுதானே. இப்படி ஒரு நிலை வந்தால் பரிசோதனை முடிவைக் காகிதமாகக் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. அதைக் காட்டிய பிறகுதான் எங்கள் வீட்டுக்காரர் பேச்சைக் குறைத்தார். அந்த மாதங்களில் வாடகையைக் கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாது, காலி செய்யச் சொல்லக் கூடாது என்று அரசு உத்தரவே இருந்தது. எனக்கு அது தெரிய வந்தபோது வாடகைக்காகக் கம்மலை அடகு வைத்து முடித்திருந்தேன்.

இனி பட்டியல் கதை. எங்கள் தெருவில் நெரிசல் அதிகம் என்று கடைகளை ஒரு விளையாட்டு மைதானத்துக்கு மாற்றினார்கள். சுண்ணாம்பால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு கடை, கடைக்கும் கடைக்கும் நல்ல இடைவெளி. எனக்குச் சேர வேண்டிய கட்டம் எது என்று கேட்டுப் போனபோது, கையில் தாள் வைத்திருந்தவர் என் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றார். சில வருடங்களுக்கு முன் நடைபாதை வியாபாரிகளைக் கணக்கெடுத்து அடையாள அட்டை கொடுத்திருக்கிறார்கள். கணக்கெடுக்க வந்தது காலை நேரத்தில். நான் கடை போடுவது மதியத்துக்கு மேல். பத்து வருடங்களாக உட்கார்ந்த இடம் அந்தத் தாளில் வெறும் நடைபாதை. பக்கத்துக் கடைக்காரர்கள், இந்த அக்கா எங்களோடுதான் இருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தார்கள். தாளில் இருந்தால்தான் என்று பதில் வந்தது. மைதானத்துக்கு வெளியே ஓரமாகத் தார்ப்பாயை விரித்தேன். இரண்டாம் நாளே தராசையும் சரக்கையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். தராசு திரும்பி வரவேயில்லை.

இதை நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் எனக்கு இது அப்போது தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. தெரு வியாபாரிகளைப் பாதுகாக்க 2014-இல் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதன்படி ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது கணக்கெடுக்க வேண்டும். கணக்கில் வந்தவர்களுக்கு விற்பனைச் சான்றிதழ் தர வேண்டும். ஒவ்வொரு நகரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். இடம் மாற்றவோ அகற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு தேவை. பொருளைப் பறிமுதல் செய்தால் என்னென்ன எடுத்தார்கள் என்று பட்டியல் எழுதித் தர வேண்டும். கட்டணம் கட்டிக் கேட்டால் அழுகும் பொருளை அன்றே தர வேண்டும், மற்றவற்றை இரண்டு வேலை நாட்களுக்குள். நோய்க்காலத்தில் 30 நாள் அவகாசத்தை எதிர்பார்க்க முடியாது. ஆனால் பறிமுதல் பட்டியலைக் கேட்பதற்கு எந்தத் தொற்றும் தடையில்லை. அந்தத் தாள் கையில் இருந்திருந்தால் தராசைக் கேட்டு நிற்க எனக்கு ஒரு பிடிமானம் இருந்திருக்கும். அதனால் இன்றே, கடை நடக்கிற நாளிலேயே, பின்னால் தெருப் பெயர்ப்பலகை தெரிகிற மாதிரி நீங்களும் கடையும் சேர்ந்த புகைப்படம் எடுத்து வையுங்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை புதிதாக எடுங்கள். மண்டிச் சிட்டைகளைத் தேதிவாரியாகக் கட்டி வையுங்கள். தராசு வாங்கிய ரசீது, முத்திரை போட்ட சான்று எல்லாவற்றையும் போனிலும் படமாக வைத்திருங்கள். பிறகு நான் கடன் பெற்றதும் அடையாள அட்டைக்கு விண்ணப்பித்ததும் இப்படித் தேடிச் சேர்த்த பழைய சிட்டைகளை வைத்துத்தான்.

மே இரண்டாம் வாரத்தில் திருமழிசைச் சந்தை தொடங்கியது. பெங்களூர் நெடுஞ்சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, துணைநகரத்துக்காக எடுத்து வைத்திருந்த நிலத்தில், ஏறத்தாழ 200 கடைகள். கோயம்பேட்டில் இருந்ததோ 3,000-க்கும் மேற்பட்ட கடைகள். அதாவது பெரிய மொத்த வியாபாரிகளுக்கு மட்டும்தான் அங்கே இடம். மூட்டையைப் பிரித்து எங்களைப் போன்றவர்களுக்கு ஐந்து கிலோ, பத்து கிலோ என்று கொடுத்துவந்த சிறு கடைகளுக்கு மாதக்கணக்கில் வேலையில்லை. நகரத்தின் வரைபடத்தில் ஒரு சந்தை இடம் மாறியதாகத்தான் தெரியும். என் கணக்கில், நானூறு ரூபாயாக இருந்த லோடு ஆட்டோ வாடகை ஆயிரத்து ஐந்நூறு ஆனது, தக்காளியைப் பெட்டிக் கணக்கில் மட்டுமே வாங்க முடிந்தது, இரவு முழுக்கத் தூக்கம் போனது. மழை வந்தால் அந்த நிலம் சேறு. பெண்கள் ஒதுங்க இடம் தேடித் தவித்ததை இங்கே எழுதாமல் இருக்க முடியவில்லை. தற்காலிகச் சந்தை என்று கோடு போடுகிறவர்கள் கழிப்பறையையும் நிழலையும் முதல் கோட்டிலேயே போட வேண்டும், கட்டங்களைப் பிறகு போடட்டும்.

நான்கு பேர் சேர்ந்து ஒரே வண்டி எடுக்க ஆரம்பித்த பிறகுதான் மூச்சு வந்தது. ஒருவர் போய் நால்வருக்கும் வாங்குவார், முறை மாறி மாறி. இதில் சண்டை வராமல் இருக்க ஒரே வழி, விலைச் சிட்டையைப் படம் எடுத்து அந்த இடத்திலிருந்தே அனுப்பிவிடுவதுதான். கழிவும் அழுகலும் யாருக்கு என்பதை முதல் நாளே பேசி விடுங்கள். நாங்கள் அதைப் பேசாமல் விட்ட வாரத்தில்தான் ஒரு நல்ல தோழியை இழந்தேன். திருவள்ளூர்ப் பக்கம் இரண்டு விவசாயிகளின் எண்ணும் அப்போதுதான் கிடைத்தது. கீரையும் கத்தரியும் நேராக அவர்களிடமிருந்து வந்தன. கொள்முதலுக்கு ஒரே சந்தையை நம்பியிருந்தால் அந்தச் சந்தை மூடும் நாளில் நாமும் மூடுகிறோம். சிறிய அளவிலாவது இரண்டாவது வழி ஒன்று எப்போதும் இருக்கட்டும்.

தண்டல் பற்றியும் சொல்ல வேண்டும். பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு எண்ணாயிரத்து ஐந்நூறு கையில் கொடுப்பார்கள், நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். விற்பனையே இல்லாத நாட்களிலும் வசூலுக்கு ஆள் வந்தது. ஒன்றை அடைக்க இன்னொன்று எடுத்தேன், கைக்கு வந்த பணத்தைவிட வட்டி ஓடிய வேகம் அதிகம். வங்கிக் கடன்களுக்குத் தவணைத் தள்ளிவைப்பு கிடைத்தது, தண்டலுக்கு அப்படி ஒன்று கிடையாது. பயந்து ஒளிந்துகொண்டிருந்தபோது வட்டிதான் ஏறியது. தண்டல்காரரிடம் நேரில் போய், இனி நாளுக்கு ஐம்பதுதான் முடியும், எழுதிக்கொள்ளுங்கள் என்று சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார். தானே குறைக்க மாட்டார்கள், முன்னால் போய்ப் பேசினால் குறைப்பவர்களும் உண்டு.

ஜூன் 19 முதல் மறுபடியும் முழு ஊரடங்கு. காய்கறி வாங்க இரண்டு கிலோமீட்டருக்குள் நடந்துதான் போக வேண்டும், வண்டி எடுக்கக் கூடாது என்றார்கள். என்னைக் காப்பாற்றியது அந்த இரண்டு கிலோமீட்டர்தான் என்று நான் சொல்வது சிலருக்கு விசித்திரமாக இருக்கலாம். அதுவரை காரில் தொலைதூரக் கடைகளுக்குப் போய்வந்த அடுக்குமாடிக் குடியிருப்பு மக்கள், பக்கத்தில் யார் விற்கிறார்கள் என்று முதன்முதலாகத் தேடினார்கள். ஒரு குடியிருப்பின் காவலாளித் தம்பி என் எண்ணை அங்கே கொடுத்தார். அவர்கள் குழுவில் இரவு பட்டியல் போடுவார்கள், காலையில் வீட்டுக்கு ஒரு பையாகக் கட்டி, வாசல் கேட் அருகே வைத்துவிட்டு வருவேன். பணம் போனில் வரும். மெல்ல மூன்று குடியிருப்புகள் ஆயின. அந்த வாடிக்கையின் மூலம்தான் மகளின் பள்ளிக் கட்டணம் கட்டினேன். வாடிக்கையாளர்களின் போன் எண்ணை நல்ல காலத்திலேயே வாங்கி வையுங்கள். அவர்கள் முகமும் விருப்பமும் மட்டும் தெரிந்திருந்தால் தெரு காலியாகும் நாளில் அது உதவாது.

செப்டம்பர் 28-ஆம் தேதி கோயம்பேட்டில் காய்கறி மொத்த விற்பனை மீண்டும் தொடங்கியது, முதலில் பெரிய கடைகள் மட்டும். சிறு கடைகளுக்கு அதற்குப் பிறகும் காத்திருப்புதான். கணவரும் அதற்குள் திரும்பியிருந்தார், எங்கள் தெருச் சந்தையும் திரும்பியது. ஆனால் பழைய வியாபாரம் திரும்பவில்லை. மாலையில் நடந்து வந்து பேரம் பேசி வாங்கிய வயதானவர்களில் பலர் வெளியே வருவதையே நிறுத்திவிட்டார்கள். தெருமுனைகளில் வேன்கள் நிரந்தரமாக நிற்க ஆரம்பித்தன. செயலியில் காய்கறி வரவழைக்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. எனக்கு வலிப்பது இன்னொன்று. அந்த மைதானத்தின் சுண்ணாம்புக் கட்டங்கள் நல்ல யோசனை. காற்று வந்தது, ஒருவர் மேல் ஒருவர் இடிக்காமல் வாங்கினார்கள், சக்கர நாற்காலியில்கூட ஒருவர் வந்து வாங்கிப் போனதைப் பார்த்தேன். நோய் போனதும் அதையும் அழித்துவிட்டார்கள். இடைவெளி என்பது நோயாளிக்கான மருந்து என்று நினைத்தார்களே தவிர, ஆரோக்கியமான நகரத்துக்கும் அது தேவை என்று யாரும் நினைக்கவில்லை.

இதெல்லாம் புதிதல்ல என்பதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1896-இல் பம்பாயில் பிளேக் பரவியது. மறு வருடமே கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது, 2020-இலும் அதே 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான் எடுத்தார்கள். 1898-இல் நகரத்தைச் சீர்திருத்த ஓர் அறக்கட்டளை அமைத்தார்கள். நெருக்கமான குடியிருப்புகளை இடித்து, கடற்காற்று உள்ளே வரும்படி அகலச் சாலைகள் வெட்டினார்கள். தாதர், மாட்டுங்கா பக்கம் திட்டமிட்ட புறநகர் எழுந்தது. பிற்பாடு தமிழர்கள் ஏராளமாகக் குடியேறிய அதே மாட்டுங்காதான். ஆனால் இடிக்கப்பட்ட வீடுகளில் இருந்த ஏழைகளில் பெரும்பாலோருக்கு அந்தப் புதிய வீடுகள் கிடைக்கவில்லை. நம் கோயம்பேடும் சென்னையின் பழைய சந்தையான கொத்தவால் சாவடியின் நெரிசலைக் குறைக்க 1996-இல் உருவானதுதான். நகரம் காற்றுக்காகவும் இடத்துக்காகவும் தன்னை மாற்றிக்கொள்வது நியாயம், தேவையும்கூட. அந்த மாற்றத்தில் தரையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்றால், நோய் பறித்ததைவிட அதிகமாகத் திட்டம் பறித்துவிடும்.

2020 ஜூன் மாதம் தெரு வியாபாரிகளுக்கென்று பிஎம் ஸ்வநிதி கடன் திட்டம் வந்தது. ஈடு எதுவும் இல்லாமல் பத்தாயிரம் ரூபாய், ஒரு வருடத்தில் மாதத் தவணையாகத் திருப்பிக் கட்டலாம், ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம், அடுத்தடுத்து இருபதாயிரம், ஐம்பதாயிரம் என்று அப்போது இருந்தது. கணக்கெடுப்பில் விடுபட்டவர்களும் உள்ளாட்சியிடமிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று விண்ணப்பிக்கலாம் என்று அதில் ஒரு வழி இருந்தது. அந்த வழியாகத்தான் நான் நுழைந்தேன். பழைய சிட்டைகள், குடியிருப்பு மக்கள் எழுதிக் கொடுத்த கடிதம், கடையில் நான் நிற்கிற ஒரு திருவிழாக் காலப் படம் எல்லாம் சேர்த்துக் கொடுத்தேன். அலைச்சல் அதிகம், ஆனாலும் கிடைத்தது. தண்டலை முதலில் அடைத்தேன். 2025-இல் அந்தத் திட்டத்தின் முதல் கடன் தொகையை 15,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். எடுக்காதவர்கள் விசாரியுங்கள். இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கோயம்பேடு சந்தையைத் திருமழிசைக்கே மாற்றுவது பற்றிய பேச்சு அவ்வப்போது எழுகிறது. அது நடந்தாலும் நடக்காவிட்டாலும், அடுத்த தொற்றோ வெள்ளமோ வந்தால் மறுபடியும் ஒரு தாளும் ஒரு மைதானமும் வரும். உங்கள் பகுதியில் கடைசிக் கணக்கெடுப்பு எப்போது நடந்தது, அடுத்தது எப்போது என்று உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தாகக் கேளுங்கள், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கணக்கெடுப்பு காலையிலா மாலையிலா என்று கேளுங்கள், மாலையில் கடை போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு சுற்று வரச் சொல்லி எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மனு கொடுங்கள். நகர விற்பனைக் குழுத் தேர்தல் வந்தால் ஓட்டுப் போடுங்கள், பெண்கள் நில்லுங்கள். எங்கள் தெருவில் விடுபட்டவர்களின் பெயர்களை நாங்களே ஒரு நோட்டில் எழுதியிருக்கிறோம், ஒவ்வொருவருக்கும் படமும் சிட்டையும் சேர்த்து. அந்த மனுவின் நகல் வேண்டுமென்றால் எங்கள் தெரு வியாபாரிகள் யாரைக் கேட்டாலும் தருவார்கள்.